அழைக்கும் குரல் அடங்கும் வேளை

ஒருவர் மற்றவர்களை வழிநடத்துவது எதற்காக? அவர்கள் என்றும் தம் பின்னால் வருவதற்காகவா? அல்லது ஒருநாள் தாம் இல்லாமலே அவர்கள் நடப்பதற்காகவா? விடை எளிது போலத் தோன்றும். "இரண்டாவதற்காகத்தான்" என்று நாம் அனைவரும் தயங்காமல் சொல்லிவிடுவோம். ஆனால் பெற்றோராகவோ, ஆசிரியராகவோ, சங்கத் தலைவராகவோ, பங்குப் பணியாளராகவோ நாம் நாள்தோறும் செய்வதைக் கூர்ந்து நோக்கினால், நம் வாய் சொல்லும் விடை ஒன்று, நம் வாழ்வு சொல்லும் விடை வேறு என்பது புலப்படும். இந்த வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது நூல் எதுவும் அன்று, ஒரு நடனக்கூடம்.

2023ஆம் ஆண்டின் கோடையில், விடுப்பில் சென்றிருந்த பங்குத் தந்தை ஒருவருக்குப் பதிலாக, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். அங்கே பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு மாலை என்னை உணவுக்கு அழைத்திருந்தார். உள்ளே நுழைந்தால் சமையலறை மேசை முழுவதும் சிறு சிறு அட்டைகள். தட்டு வைக்கக்கூட இடமில்லை. அட்டைகளை எடுப்பதும், வேறிடத்தில் வைப்பதும், தலையை ஆட்டிக்கொண்டு மீண்டும் மாற்றுவதுமாக இருந்தார்.

"சீட்டாட்டமா?" என்று கேட்டேன்.

"இல்லை ஃபாதர், சனிக்கிழமை மாலை" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மாலையைத்தான் அவர் மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். மூன்று மணி நேரம் நடைபெறவிருந்த கான்ட்ரா நடன நிகழ்ச்சிக்கு அவரே அழைப்பாளர். ஆங்கிலத்தில் 'காலர்' என்பர். மேடையில் நின்று, அடுத்து ஆட வேண்டிய அசைவு எது என்று ஆடுவோர்க்கு அழைத்துச் சொல்பவர் அவர்.

நீண்ட வரிசையின் இயல்பு

கான்ட்ரா நடனம் என்பது நியூ இங்கிலாந்துப் பகுதியில் வேரூன்றிய மக்கள் நடனம். ஜான் பிளேஃபோர்டு என்பவர் 1651இல் லண்டனில் வெளியிட்ட நடனத் தொகுப்பில் இதன் முன்னோரைக் காணலாம். அந்த நாட்டுப்புற நடனங்கள் பிரான்சுக்கும் பரவின. குடியேறியவர்களோடு அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்கா சேர்ந்தன. பிற இடங்களில் அவை மறைந்த பின்னும் நியூ ஹாம்ப்ஷயர், வெர்மாண்ட் போன்ற மாநிலங்களின் மலையூர்களில் உயிரோடு இருந்தன. நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ரால்ஃப் பேஜ் (1903–1985) என்ற அழைப்பாளர், அவற்றைக் கற்பித்ததோடு 1949 முதல் 1984 வரை இதற்கென ஓர் இதழையும் நடத்தினார். 1960களிலும் 1970களிலும் இளைஞர் பலர் இந்நடனத்தை நாடி வந்தனர். இன்று நெல்சன் போன்ற சிற்றூரின் நகர மன்றத்திலும், கிரீன்ஃபீல்டு நகரத்தில் உழவர் இயக்கமான 'கிரேஞ்சு' அமைப்பின் கூடத்திலும், அமெரிக்காவின் பெருநகரங்கள் பலவற்றிலும் இது ஆடப்படுகிறது.

இதன் அமைப்பை அறிந்தால்தான் நம் கேள்வி விளங்கும். ஆடுவோர் இருவர் இருவராக இணைந்து, கூடத்தின் நீளவாக்கில் எதிரெதிர் வரிசைகளாக நிற்பர். இசைக்குழு இருக்கும் முனையிலிருந்து தொடங்கி இரண்டு இரண்டு இணைகளாக, நால்வர் நால்வராகக் கை கோத்துப் பிரிந்து கொள்வர். இசை 64 தாள அடிகள் கொண்டது. பதினாறு பதினாறு அடிகளாக அது நான்கு பகுதிகளாகப் பிரியும். அந்த 64 அடிகளுக்குள் நால்வரும் வட்டமாகச் சுற்றுவர்; கைபிடித்துத் திரும்புவர்; இருவராகப் பற்றிச் சுழல்வர்; வரிசையாக முன்னே சென்று பின்னே வருவர். 64 முடியும்போது ஒவ்வோர் இணையும் ஓரிடம் நகர்ந்திருக்கும்: ஒன்று கீழ்நோக்கி, மற்றது மேல்நோக்கி. அங்கே புதிய அயலார் காத்திருப்பர். அவர்களோடு அதே 64 அடிகள் மீண்டும் தொடங்கும்.

ஒரு சுற்றுக்கு அரை நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும். அரை நிமிடத்திற்கு ஒருமுறை அறிமுகமற்ற ஒரு முகம் நம் எதிரே வந்து நின்று கையை நீட்டும். வரிசையின் முனையை அடைந்த இணை ஒரு சுற்று ஆடாமல் ஓய்ந்து நிற்கும். பின் எதிர்த்திசையில் திரும்பி வரும். கீழ்நோக்கிச் சென்றவர்கள் அப்போது மேல்நோக்கிச் செல்பவர்களாகிவிடுவர். அந்த வரிசையில் எவருக்கும் நிலையான முதலிடம் இல்லை. நிலையான கடையிடமும் இல்லை.

இரண்டு கட்டு அட்டைகள்

மேசைமேல் இருந்த ஒவ்வோர் அட்டையிலும் ஒரு நடனம் எழுதப்பட்டிருந்தது. மேலே அதன் பெயரும் அதை அமைத்தவர் பெயரும். கீழே நான்கு பகுதிகளுக்குரிய அசைவுகள். ஒரு மாலைக்கு ஏறத்தாழ பத்து முதல் பன்னிரண்டு நடனங்கள் தேவைப்படும். நூற்றுக்கணக்கான அட்டைகளிலிருந்து அந்தப் பன்னிரண்டையும் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டேன். உணவு ஆறும்வரை அவர் விளக்கினார்.

முதல் நடனத்தில் கற்பிக்க வேண்டியது மிகக் குறைவாக இருக்க வேண்டும். "என் அடுத்த அயலார் யார்?" என்ற ஐயம் எவருக்கும் எழாதபடி அது தெளிவாக நகர வேண்டும். அதன்பின் ஒரு நடனத்திற்கு ஒரு புதுமை போதும். நால்வர் ஒருவரையொருவர் வலமும் இடமுமாகக் கடந்து, சடை பின்னினாற்போல ஊடே செல்லும் 'ஹே' என்னும் அசைவைத் திடீரென்று முழுமையாகக் கொடுத்தால் புதியவர் திகைப்பர். ஆகவே முன்னதாக ஒரு நடனத்தில் அதன் பாதியைத் தந்து பழக்கிவிட வேண்டும். நீண்ட சுழற்சிகள் நிறைந்த இரண்டு நடனங்களை அடுத்தடுத்து வைத்தால் முதியவர்க்கு மூச்சு வாங்கும். கடினமான நடனத்திற்கு உரிய இடம், மக்கள் நன்கு பழகியும் களைப்படையாமலும் இருக்கும் வேளை. இரவின் இறுதியில் கால்களும் களைத்திருக்கும், கவனமும் களைத்திருக்கும். ஆகவே இறுதி நடனம் எளியதாகவும் மகிழ்ச்சியானதாகவும் இருக்க வேண்டும். இடைவேளைக்கு முன் ஒரு வால்ட்ஸ், முடிவில் ஒரு வால்ட்ஸ்; அவற்றிற்கு அழைப்பே வேண்டியதில்லை. எந்த நடனத்திற்கு 'ஜிக்' என்னும் மெட்டு, எதற்கு 'ரீல்' என்னும் மெட்டு என்று இசைக்குழுவினரோடும் முன்னரே பேசிக் கொள்ள வேண்டும்.

பன்னிரண்டு அட்டைகளை அடுக்கி, ரப்பர் வளையம் மாட்டினார். பின் இன்னொரு பன்னிரண்டை எடுத்து வேறொரு வளையம் மாட்டினார்.

"இரண்டு எதற்கு?" என்றேன்.

"முதற்கட்டு, நான் எதிர்பார்க்கும் மக்களுக்கு. இரண்டாவது கட்டு, உண்மையில் வரும் மக்களுக்கு" என்றார்.

நீங்களே சொல்லுங்கள், திட்டமிடுதலைப் பற்றி இதைவிடச் செறிவாக எவர் சொல்லிவிட முடியும்? குருமடத்தில் நாங்கள் புனித தோமா அக்குவினாரைப் பயின்றபோது, விவேகம் என்னும் நற்பண்பின் தலையாய கூறு முன்னறிந்து ஏற்பாடு செய்வது என்று படித்தோம். முன்னறிதல் என்றால் வரப்போவதைத் துல்லியமாகக் கணித்தல் என்று அன்று நான் பொருள் கொண்டிருந்தேன். அந்தச் சமையலறையில் வேறு பொருள் தெரிந்தது. நம் கணிப்பு பொய்க்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொண்டு, பொய்க்கும் வேளையில் எவரும் துன்புறாதபடி வழி செய்து வைத்தலே முன்னறிதல்.

பெட்டியின் மேலிருந்த அட்டை

அட்டைப் பெட்டியின் மேற்புறத்தில் ஓர் அட்டை தனியாக ஒட்டப்பட்டிருந்தது. அதில் பென்சிலால் '8' என்று எழுதி வட்டமிட்டிருந்தார். அதன் கதையைக் கேட்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அன்று புகழ்பெற்ற இசைக்குழு ஒன்று வந்திருந்தது. தேர்ந்த ஆட்டக்காரர் பலர் தொலைவிலிருந்து வந்திருந்தனர். நுட்பமான நடனம் ஒன்றை அவர் ஆவலோடு பயின்று வைத்திருந்தார். கூடத்தில் அன்று முதன்முறையாக வந்தவர்கள் எட்டுப்பேர். அவர்களைக் கண்டார், ஆயினும் அட்டையை மாற்றவில்லை. இசையில்லாமல் நடந்து காட்டும் ஒத்திகை மூன்று முறை நடந்தது. இசை தொடங்கிய இரண்டாம் சுற்றிலேயே வரிசையின் கீழ்முனை குலைந்தது. குலைவு மெல்ல மேலேறியது. தேர்ந்தவர்கள் புதியவர்களைத் தோளைப் பிடித்துத் திருப்பினர், கையைப் பற்றி இழுத்தனர், கடிந்தும் கொண்டனர். இறுதியில் அவர் இசையை நிறுத்தினார். இடைவேளைக்குப் பின் அந்த எட்டுப்பேரில் ஒருவரும் கூடத்தில் இல்லை.

"அவர்கள் என்ன எண்ணிக்கொண்டு போயிருப்பார்கள், தெரியுமா ஃபாதர்? 'எங்களுக்கு ஆட வராது' என்று எண்ணியிருப்பார்கள். உண்மையில் எனக்குத்தான் தேர்ந்தெடுக்க வரவில்லை. என் தவற்றை அவர்கள் தங்கள் இயலாமையாக எடுத்துச் சென்றுவிட்டார்கள். அதைத் திருத்த அவர்களை நான் மீண்டும் பார்க்கவே இல்லை."

இச்சொற்கள் இன்றும் என் காதில் ஒலிக்கின்றன. வழிநடத்துவோர் செய்யும் தவறுகளில் மிகக் கொடியது இதுவன்றோ? நாம் தவறாகத் திட்டமிட்டதன் விளைவை, நம்மை நம்பி வந்தவர் தம் குறையாக ஏற்று, தலைகுனிந்து வெளியேறுகிறார். வகுப்பில் புரியாத மாணவர் தம்மை மந்தம் என்று எண்ணுகிறார். கூட்டத்தில் பேச இயலாத எளியவர் தமக்கு அறிவு போதாது என்று எண்ணுகிறார். அவர்கள் சென்ற பின் நாமோ, "ஆர்வமில்லாதவர்கள்" என்று எழுதி வைக்கிறோம்.

தேர்ந்தவர் தேர்ந்தவரையே நாடுவது இந்நடன உலகம் நன்கறிந்த நோய். மூன்று வரிசைகள் இருந்தால் நடு வரிசையில் தேர்ந்தவர்கள் கூடிவிடுவர். புதியவர்கள் ஓரங்களில் தமக்குள் தடுமாறுவர். அடுத்தடுத்த நடனங்களுக்கு இணையை முன்பதிவு செய்து கொள்ளும் வழக்கமும் உண்டு. அப்போது புதியவர் சுவரோரம் அமர்ந்திருப்பர். இவற்றைப் பற்றி அழைப்பாளர்களும் அமைப்பாளர்களும் பல ஆண்டுகளாக விவாதித்து வருகின்றனர். எவரும் எவரையும் வெறுப்பதில்லை. ஒவ்வொருவரும் தமக்கு மகிழ்ச்சி தருவதை நாடுகின்றனர், அவ்வளவே. ஆயினும் முடிவில் சிலர் தள்ளப்படுகின்றனர். புறக்கணிப்பு நிகழத் தீய எண்ணம் தேவையில்லை, கவனமின்மையே போதும் என்பதை இங்கே காண்கிறோம்.

சனிக்கிழமை மாலை

சனிக்கிழமை வந்தது. மரத்தளம் பாவிய பழைய கிரேஞ்சுக் கூடம். மேடையில் ஃபிடில், பியானோ, புல்லாங்குழல். 2020 மார்ச்சில் பெருந்தொற்று காரணமாக இத்தகைய கூடங்கள் யாவும் மூடப்பட்டன; மீண்டும் திறந்தபோது பழையவர் பலர் திரும்பவில்லை, முன்பின் ஆடியறியாத பலர் வந்தனர். அன்றும் அருகிலிருந்த கல்லூரியிலிருந்து மாணவர் பதினைந்து பேர் எதிர்பாராமல் வந்திறங்கினர். ஆசிரியை வாசலை ஒருமுறை நோக்கினார். முதற்கட்டு அட்டைகளைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டாவது கட்டை எடுத்தார். வரிசையில் நிற்கும்போதே, "தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் தெரியாத ஒருவரைத் தேடிக் கொள்ளுங்கள்" என்றார்.

இடைவேளையில், இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்த ஆட்டக்காரர் ஒருவர் அவரிடம் வந்து, "இன்று சவாலாக ஒன்றுமே இல்லையே" என்று குறைப்பட்டார். அவர் குறையிலும் நியாயம் உண்டு. தேர்ந்தவருக்கும் அந்த மாலை உரியதுதானே? ஆசிரியை வாதாடவில்லை. "அதோ, அந்த மாணவிக்குச் சுழற்சியில் தலை சுற்றுகிறது. அடுத்த நடனத்தை அவரோடு ஆடி, உங்களுக்குத் தெரிந்ததைக் காட்டுவீர்களா?" என்றார். சுழலும்போது இருவரும் சற்றே பின்சாய்ந்து ஒருவர் எடையை ஒருவர் தாங்க வேண்டும். தரையைப் பார்க்காமல் இணையின் கண்களைப் பார்த்தால் தலைசுற்றல் குறையும். அவர் சென்று அதைக் காட்டினார். அந்த நடனம் முடிந்தபோது அம்மாணவியைவிட அவர் முகத்தில் மகிழ்ச்சி மிகுந்திருந்தது. கடினமான அடிகள் ஒரு வகைச் சவால் என்றால், தடுமாறும் ஒருவரைத் தடுமாறாமல் செய்வது வேறொரு வகைச் சவால்.

இனி என் கதை. ஓரமாக அமர்ந்து பார்த்துக் கொண்டிருந்த என்னை, எழுபது வயதுத் தச்சர் ஒருவர், "ஃபாதர், எழுந்திருங்கள்" என்று இழுத்து நிறுத்திவிட்டார். ஆணும் ஆணும் இணையா என்று நான் தயங்கியதைக் கண்டு சிரித்தார். முன்பு 'ஆண்கள்', 'பெண்கள்' என்று அழைத்த இடங்களில் அண்மை ஆண்டுகளில் பல கூடங்களில் 'லார்க்', 'ராபின்' என்ற இரு பறவைப் பெயர்களைச் சொல்கின்றனர். இடப்பக்கம் நிற்பவர் லார்க். வலப்பக்கம் நிற்பவர் ராபின். எவரும் எதுவாகவும் ஆடலாம். அன்று நான் ராபின்.

ஒத்திகை முடிந்து இசை தொடங்கியது. முதற்சுற்றில் அவர் ஒவ்வோர் அசைவையும் முழுமையாகச் சொன்னார். அசைவு தொடங்கும் அடியில் சொன்னால் காலம் கடந்துவிடும். முந்திய அசைவின் இறுதி அடிகளிலேயே அடுத்ததைச் சொல்லி முடித்துவிட வேண்டும். அப்போதுதான் ஆடுவோர் இசையின் முதலடியில் அதைத் தொடங்க முடியும். மூன்றாம் சுற்றில் சொற்கள் பாதியாயின. "அயலாரோடு சுழலுங்கள்" என்றது "சுழலுங்கள்" என்றாயிற்று. ஐந்தாம் சுற்றில் பகுதிக்கு ஒரு சொல். அதன்பின் என்ன நடந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது கூடத்தில் இசை மட்டுமே ஒலித்துக் கொண்டிருந்தது; அறுபது பேர் ஒரே வேளையில் முன்னே சென்று பின்னே வந்து கொண்டிருந்தோம். நான் மேடையைப் பார்த்தேன். ஆசிரியை ஒலிவாங்கியைத் தாழ்த்திப் பிடித்தபடி வாய் மூடி நின்றிருந்தார்.

நாங்கள் இருவரும் வரிசையின் முனையை அடைந்து, ஒரு சுற்று காத்திருந்து, எதிர்த்திசையில் திரும்பினோம். எல்லாம் மாறித் தெரிந்ததால் நான் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். அந்தக் கணத்தில் மேடையிலிருந்து, "இடக்கை" என்று ஒரே ஒரு சொல் வந்தது. வேறு எவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இடக்கையை நீட்டினேன், அயலார் கை அங்கே காத்திருந்தது.

அவர் வாய்தான் மூடியிருந்தது, கண்கள் மூடவில்லை. அவர் பேசாதிருந்த நேரம் முழுவதும், கூடத்திலேயே மிகவும் தடுமாறக் கூடியவர் யாரோ, அவரைப் பார்த்துக் கொண்டே இருந்திருக்கிறார்.

மௌனம் இரண்டு வகை

அழைப்பாளர் எப்போது அழைப்பதை நிறுத்த வேண்டும் என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை இது: "முதல் இணை கற்றுக் கொண்டவுடன் அல்ல, கடைசி இணை கற்றுக் கொண்ட பின். ஆனால் அதற்குமேல் ஒரு சுற்றுகூட அதிகமாக அல்ல." மேல்முனையில் இருப்போர் விரைவில் கற்றுக் கொள்வர். அவர்களைப் பார்த்து மௌனமானால் கீழ்முனை குலையும். கீழ்முனையும் கற்ற பின் பேசிக்கொண்டே இருந்தால் எவரும் இசையைக் கேட்க மாட்டார், குரலையே கேட்பர். உரிய காலத்திற்கு முன் வரும் மௌனம் கைவிடுதல். உரிய காலத்திற்குப் பின்னும் தொடரும் பேச்சு ஆதிக்கம். இவ்விரண்டிற்கும் இடையில் ஒரு சுற்றளவு, அரை நிமிடம் மட்டுமே உள்ளது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். குரல் அடங்கிய பின்னும் அவர்கள் ஆடுவது அவர் கட்டளையிட்டதைத்தானே? கட்டளை வெளியிலிருந்து உள்ளே போய்விட்டது, அவ்வளவே. கொடுங்கோலனும் இதைத்தான் விரும்புகிறான். தான் பேசாமலே மக்கள் அஞ்சி நடக்க வேண்டும் என்று எண்ணுகிறான். அப்படியானால் இது விடுதலையா, அல்லது இன்னும் ஆழமான அடிமைத்தனமா?

இம்மறுப்பை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பல நாள் எண்ணிப் பார்த்தேன். இந்நடனத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு குறிப்பு உண்டு. அமெரிக்காவில் நடனங்களை அழைத்துச் சொல்லும் வழக்கத்தின் தொடக்கக் காலத்தில் அழைப்பாளராக இருந்தவர் பலர், ஃபிடில் வாசித்த கறுப்பின இசைஞர்கள் என்பதைப் பில் ஜேமிசன் 2015இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் எடுத்துக் காட்டியுள்ளார். அவர்களுள் அடிமைகளாக இருந்தோரும் உண்டு. எண்ணிப் பாருங்கள்: தம் உடல்மேல்கூட உரிமையற்றவர், எசமானர்கள் நிறைந்த கூடத்தில் நின்று, "வலப்பக்கம் திரும்புங்கள்" என்கிறார், அவர்கள் திரும்புகின்றனர். அச்சத்தால் அன்று; அவரிடம் சாட்டை இல்லை. அவர் சொல் இசையோடு பொருந்துவதாலும், அதைக் கேட்டால் ஆட்டம் நன்றாக அமைவதாலும் திரும்புகின்றனர். அவர்கள் பட்ட அநீதியை இது சற்றும் குறைப்பதில்லை. அதன் மடமையை அம்பலப்படுத்துகிறது. அழைப்பாளரின் சொல்லுக்கு உள்ள வலிமை பதவியிலிருந்து வருவதன்று, பயனிலிருந்து வருவது.

அக்குவினார் விவேகத்தைப் பற்றி மேலும் ஒன்று சொல்கிறார். விவேகம் ஆள்வோரிடம் மட்டும் இருக்க வேண்டிய பண்பன்று. ஆளப்படுவோரிடமும் இருக்க வேண்டும். கட்டடத்தைத் திட்டமிடும் தலைமைச் சிற்பியிடம் ஒருவகையாகவும், கையால் வேலை செய்யும் கலைஞரிடம் வேறுவகையாகவும் அது உறைகிறது என்கிறார். ஆளப்படுவோர் வெறும் கருவிகள் அல்லர். அறிவுள்ளவர்களாகையால் கேட்ட கட்டளையைத் தம் அறிவால் ஏற்றுத் தம்மைத் தாமே நடத்துகின்றனர். குரல் அடங்கிய கூடத்தில் நான் கண்டது இதையே. எல்லாரும் ஒரே அசைவைச் செய்தனர். ஆனால் ஒருவர்கூட மற்றவரைப் போலச் செய்யவில்லை. ஓர் இளைஞர் கூடுதலாக ஒருமுறை சுழன்று சரியான அடியில் வந்து சேர்ந்தார். தச்சர் மெல்ல நடந்தே எல்லாவற்றையும் நிறைவேற்றினார். ஒரு தாய் தன் மகளின் சிறு எட்டுக்கு ஏற்பத் தன் எட்டைக் குறைத்துக் கொண்டார். இவற்றுள் எதையும் அழைப்பாளர் சொல்லவில்லை.

மறுப்புக்கு என் விடை இதுவே. கொடுங்கோலன் மௌனமாக இருக்கும்போது மக்களின் கண்கள் மேடையை நோக்கியே இருக்கும். அவன் முகம் சுளிக்கிறதா என்று பார்த்தபடி இருப்பர். நல்ல அழைப்பாளர் மௌனமானபோது எவர் கண்ணும் மேடையை நோக்கவில்லை; ஒவ்வொருவரும் எதிரே நிற்பவரின் முகத்தை நோக்கினர். உள்ளே சென்ற கட்டளை அச்சமாக மாறியதா, உறவாக மாறியதா என்பதைக் கண்கள் காட்டிவிடுகின்றன.

பாராட்டா, குற்றச்சாட்டா?

என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இளம் குருவாக இருந்தபோது ஒரு சிற்றூரில் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கி ஏழு ஆண்டுகள் நடத்தினேன். கதவைத் திறப்பவன் நான், விளக்கேற்றுபவன் நான், பாடம் சொல்வதும், வராத பிள்ளையைத் தேடிச் செல்வதும், நன்கொடை கேட்பதும் நானே. உதவ வந்த இளைஞர்களிடம், "நீங்கள் வந்து அமருங்கள், நான் பார்த்துக் கொள்கிறேன்" என்பேன். மாற்றலாகிச் சென்ற ஓராண்டிற்குள் பள்ளி மூடப்பட்டது. பின்னர் அவ்வூர் மக்களைக் காணும் போதெல்லாம், "நீங்கள் இருந்தவரை எவ்வளவு நன்றாக நடந்தது, சாமி!" என்பர். அதைப் பாராட்டாகவே பல ஆண்டுகள் ஏற்றுக் கொண்டிருந்தேன். அந்தக் கூடத்தில், ஒலிவாங்கியைத் தாழ்த்தி நின்ற ஆசிரியையைக் கண்ட பின்புதான், அது என்மீது அன்போடு வைக்கப்பட்ட குற்றச்சாட்டு என்பது விளங்கியது. அந்த ஏழு ஆண்டுகளில் ஒரு மாலைகூட நான் குரலைத் தாழ்த்தவில்லை. இசை அவர்கள் காதில் விழ நான் இடம் கொடுக்கவே இல்லை.

நடனம் முடியும் தறுவாயில் ஆசிரியை இசைக்குழுவினரிடம் இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார்: இன்னும் இரண்டு முறை. இறுதிச் சுற்றில் மட்டும் அவர் குரல் மீண்டும் ஒலித்தது, எல்லாரும் ஒன்றாக முடிப்பதற்காக. இசை நின்றது. அறுபது பேரும் தம் இணைக்கு நன்றி சொன்னோம், இசைக்குழுவினருக்குக் கைதட்டினோம். மேடையின் ஓரத்தில் அவர் அடுத்த அட்டையைத் தேடிக் கொண்டிருந்தார். தம்மை எவரும் நோக்காததைப் பற்றி அவருக்குச் சிறிதும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

நம்மிடமும் சிலர் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றனர்: பிள்ளைகள், மாணவர்கள், உடன் பணியாளர்கள், ஒரு சிறு குழு. அவர்களுக்காக நாம் எத்தனையோ சொல்கிறோம். சொல்ல வேண்டியதும் கடமையே. ஆனால் இன்றிரவு நம்மை நாமே கேட்டுக் கொள்ள ஒரு கேள்வி உண்டு. நாம் பேசாதிருக்கும் வேளையில் அவர்களுடைய கண்கள் எங்கே நோக்குகின்றன? நம்மையா, அல்லது ஒருவரை ஒருவரா?